கோடையிடியும் தண்ணீர் மாத்திரையும்

ஏப்ரல் 1, செவ்வாய்

இடைத்தேர்தல் அறிவித்துவிட்டார்கள். பிரசாரம் தொடங்கும் அன்று நாட்குறிப்பும் தொடங்குவது என் வழக்கம். எந்த ஊரில் என்ன பேசினேன், எந்த இடத்தில் கை தட்டினார்கள் என்று எழுதி வைத்துக்கொண்டால் அடுத்த ஊரில் அதையே திருப்பிப் பேசி மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

பெயர் தவசிலிங்கம். வயது அறுபத்தாறு. சுவரொட்டியில் ‘கோடையிடி’ தவசிலிங்கம். கட்சியில் எனக்குப் பதவி கிடையாது. மைக் உண்டு. அது போதும்.

காலையில் டாக்டர் மெர்லினைப் பார்க்கச் சீனியம்மாள் இழுத்துப் போனாள். போன ஐப்பசியில் எனக்கு மூச்சு முட்டியதிலிருந்து என் மனைவிக்கு அந்த டாக்டர் அம்மாதான் குலதெய்வம். இதயம் ரத்தத்தைத் தள்ளுவது கொஞ்சம் பலவீனமாம், அதனால் உடம்பில் தண்ணீர் தேங்குகிறதாம். பிரஷர் மாத்திரை ஒன்று. தண்ணீர் மாத்திரை காலையில் ஒன்று, சாயந்திரம் நாலு மணிக்கு ஒன்று. அந்தத் தண்ணீர் மாத்திரையைப் போட்டால் சிறுநீர் கட்டுக்கடங்காமல் போகும்.

“எலெக்‌ஷன் முடியிற வரைக்கும் இந்த மாத்திரையை நிறுத்திக்கலாமாம்மா?” என்றேன்.

“நிறுத்துனா திரும்ப மூச்சு முட்டும். அப்புறம் இன்னொண்ணு. மூட்டு வலிக்குதுன்னு கடையில வலி மாத்திரை வாங்கிப் போட்டுறாதீங்க. உங்க கிட்னி தாங்காது.”

சரி என்றேன். நாற்பது வருஷமாக எத்தனையோ பேருக்குச் சரி என்றிருக்கிறேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

நத்தகுளத்தில் முதல் கூட்டம். நல்ல கூட்டம். வேட்பாளர் வரத் தாமதம். அவர் வரும்வரை பேசிக்கொண்டே இருக்கும்படி ஒன்றியச் செயலாளர் குருவையா துண்டுச்சீட்டு அனுப்பினார். பேசினேன். சீட்டு மறுபடி வந்தது. மறுபடி பேசினேன்.

பேச்சின் நடுவில் மேஜையிலிருந்த தண்ணீர் பாட்டில் கவிழ்ந்து வேட்டி நனைந்துவிட்டது. மேஜைக்குப் பின்னால் நின்றதால் யாருக்கும் தெரியவில்லை. துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு முடித்தேன்.

பொன்னாடை போர்த்த வந்தது யாழரசி என்ற பெண். மகளிர் அணிப் பேச்சாளராம், வக்கீலுக்குப் படித்தவளாம், முப்பது வயதிருக்கும். பொன்னாடையைத் தோளில் போடாமல் விரித்து என் கையில் கொடுத்துவிட்டு எனக்கு முன்னால் வந்து நின்றுகொண்டு மைக்கைப் பிடித்துவிட்டாள். முறை தெரியாத பெண். பொன்னாடையையும் இடுப்பில் சுற்றிக்கொண்டு இறங்கினேன்.

ஏப்ரல் 5, சனி

சீனியம்மாள் துணி துவைத்தாள்.

“பாட்டில்ல தண்ணிதான இருந்துச்சு?”

“வேறென்ன இருக்கும்?”

என் வேட்டியை மட்டும் தனி வாளியில் டெட்டால் ஊற்றி ஊறப்போட்டிருந்தாள். பெண்களுக்குச் சுத்தம் அதிகம்.

ஏப்ரல் 6, ஞாயிறு

ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். கூட்டம் உள்ள நாளில் நாலு மணி மாத்திரை கிடையாது. வேனில் ஊர் ஊராகப் போகிற நாளில் காலை மாத்திரையும் கிடையாது. வேனில் ஏறினால் தண்ணீரும் கிடையாது, நாக்கை நனைக்க ஒரு மடக்கு போதும். எதிர்க்கட்சிக்காரன் சோடா பாட்டில் வீசியபோது மேடையை விட்டு இறங்காதவன் நான். ஒரு மாத்திரையா என்னை இறக்கும்?

மாத்திரை டப்பாவில் அன்றன்றைக்கு உள்ளதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறேன். டப்பா காலியாக இருந்தால் வீட்டில் நிம்மதி.

ஏப்ரல் 9, புதன்

மூன்று ஊர்கள். வெயில் தலையில் உட்கார்ந்திருந்தது. வேனில் நின்றுகொண்டே பேசியதில் இரண்டு முழங்காலும் போச்சு.

பேருந்து நிலையத்துப் பக்கத்து மெடிக்கலில் கேட்டேன். சீட்டு எதுவும் கேட்காமல் ஓர் அட்டை கொடுத்தார். காலை ஒன்று, ராத்திரி ஒன்று. போட்டுக் கொஞ்ச நேரத்தில் முழங்கால் இருக்கிற ஞாபகமே இல்லை. இவ்வளவு நல்ல மாத்திரையை எதற்கு இந்த டாக்டர் அம்மா திட்டுகிறார் என்று தெரியவில்லை.

செருப்பு சுருங்கிவிட்டது. போன மாதம்தான் வாங்கினேன். இப்போது தோல் சரியில்லை, எல்லாம் போலி. மோதிரமும் கழல மாட்டேன் என்கிறது.

ஏப்ரல் 11, வெள்ளி

நாலு ஊர். குரல் கிண்ணென்று இருந்தது. வலி மாத்திரை மதியமும் ஒன்று சேர்த்துக்கொண்டேன்.

ஏப்ரல் 12, சனி

இன்று கூட்டம் இல்லை. படுத்தால் மூச்சு வாங்குகிறது, அதனால் நாற்காலியிலேயே தூங்கினேன். நாற்காலி வசதியாகத்தான் இருக்கிறது.

“ஏங்க, காலைப் பாத்தீங்களா? அமுக்குனா குழி விழுது. மாத்திரை ஒழுங்காப் போடுறீங்கள்ல?”

“டப்பாவைப் பாரு.”

“டப்பாவைப் பாத்துட்டேன். உங்களைத்தான் கேக்குறேன்.”

அவளுக்காக, சட்டைப் பையில் சேர்ந்துகிடந்த தண்ணீர் மாத்திரையில் மூன்றை ஒரே நேரத்தில் விழுங்கினேன். விட்டதைப் பிடித்த மாதிரி. பகல் முழுவதும் கழிப்பறைக்கும் கூடத்துக்குமாக நடந்தேன். சாயங்காலம் செருப்பு பழையபடி நுழைந்தது. நின்றபோது தலை லேசாகச் சுற்றியது, கதவைப் பிடித்துக்கொண்டேன். கதவு ஆடுகிறது, ஆசாரியை வரச்சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரைப் பிறப்பு. சீனியம்மாள் மாங்காய்ப் பச்சடி வைத்தாள். மதியம் கல்யாண மண்டபத்தில் கட்சிக்காரர்களுக்குப் பிரியாணி. குருவையா பெரிய துண்டாக எடுத்து என் இலையில் வைத்தார்.

“அண்ணே, நிறைவுப் பொதுக்கூட்டத்துல யாழரசி கொஞ்சம் கூடுதலாப் பேசட்டும்னு மாவட்டத்துல சொல்றாங்க. நீங்க ஒரு வாழ்த்துரை மாதிரி…”

“வாழ்த்துரையா? நான் என்ன ரிட்டயர்டு ஹெட்மாஸ்டரா?”

சிரித்து மழுப்பினார். சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. பிரியாணியும் வயிற்றுக்குப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்

காலையிலிருந்து வாந்தி, பேதி. மண்டபத்துப் பிரியாணி பலரைப் பதம் பார்த்திருக்கிறது. சீனியம்மாள் கஞ்சி கொடுத்தாள், நிற்கவில்லை.

“இன்னைக்காவது மாத்திரையை எம் முன்னால போடுங்க.”

போட்டேன். பிரஷர் மாத்திரை, தண்ணீர் மாத்திரை இரண்டு வேளையும். எதையும் தவறவிடவில்லை. இன்றைக்கு என்னைப் போல ஒழுங்கான நோயாளி இந்தத் தொகுதியில் கிடையாது. அவள் அந்தப் பக்கம் போனதும் முழங்காலுக்கும் ஒன்று.

“கூட்டத்துக்குப் போகாதீங்க” என்றாள். போனேன். நான் போகாவிட்டால் என் நேரம் யாருக்குப் போகும் என்று எனக்குத் தெரியும்.

ஏப்ரல் 16, புதன்

ஒரு நல்ல செய்தி. நேற்றுச் சாயங்காலத்திலிருந்து ஒன்றுக்கே போகவில்லை. காலை மாத்திரை போட்டும் வரவில்லை. இரண்டு கூட்டம், ஒரு தொந்தரவும் இல்லை. உடம்பு கடைசியில் சொன்ன பேச்சைக் கேட்கத் தொடங்கிவிட்டது.

சாப்பாடு மட்டும் இறங்கவில்லை. எதைத் தின்றாலும் இரும்பை நக்கிய ருசி.

ஏப்ரல் 17, வியாழன்

கை நடுங்குகிறது. எழுத்து கோணல். கூட்டத்தில் நம் வேட்பாளர் பெயர் வாயில் வரவில்லை. எதிர்க்கட்சி வேட்பாளர் பெயரைச் சொல்லி ஓட்டுக் கேட்டுவிட்டேனாம். குருவையா மைக்கைப் பிடுங்கினார். என் கையிலிருந்து. மைக்கை.

சீனியம்மாள் கார் சொல்லியிருக்கிறாள். எங்கே என்று கேட்கத் தெம்பில்லை.

ஏப்ரல் 21, திங்கள். மதுரை

தனியார் மருத்துவமனை. மூன்றாம் மாடி. நடுவில் சில நாட்கள் எனக்கு முழுசாக ஞாபகமில்லை. சீனியம்மாள் சொன்னதை எழுதுகிறேன்.

காரில் வரும்போது பின் சீட்டில் படுத்தபடி, ‘தாய்மார்களே’ என்று பேசிக்கொண்டே வந்தேனாம். இங்கே ரத்தம் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற கிரியேட்டினின் என்ற கணக்கு, ஒன்றுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியது, எனக்கு ஏழரை. ஏழரை! ஜாதகத்தில்தான் அது வரும் என்று நினைத்திருந்தேன். பொட்டாசியம் என்ற உப்பும் ஏறிவிட்டதாம். அது இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தால் இதயம் அப்படியே நின்றிருக்கும் என்றாராம் டாக்டர் ஹபீப். இவர் சிறுநீரகத்துக்கான டாக்டர். தாடி வைத்தவர், அதிர்ந்து பேசுவதில்லை. இந்தக் குரலை வைத்துக்கொண்டு ஒரு தெருமுனைக் கூட்டம் கூட நடத்த முடியாது.

டயாலிசிஸ் செய்யக் கழுத்தில் குழாய் போட வந்தபோது மட்டும் எனக்கு நினைவு தெளிந்ததாம். அது எனக்கே ஞாபகம் இருக்கிறது. டாக்டர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“கழுத்து வேண்டாம்.”

“ஐயா, இது தொண்டைக்குப் போறதில்ல. பக்கத்துல இருக்கிற ரத்தக் குழாய்தான். குரலுக்கு ஒண்ணும் ஆகாது.”

“கழுத்து வேண்டாம்னா வேண்டாம். வேற எங்கயாவது போடுங்க.”

தொடையில் போட்டார்கள். மூன்று முறை என் ரத்தம் வெளியே போய் ஓர் இயந்திரத்துக்குள் சுற்றிவிட்டுத் திரும்ப உள்ளே வந்தது. நான் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். பயமெல்லாம் இல்லை. சீனியம்மாள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது அவளுக்குத் தைரியம் சொல்வதற்காக.

ஏப்ரல் 22, செவ்வாய்

டாக்டர் ஹபீப் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “என்னென்ன மாத்திரை சாப்பிட்டீங்க?”

“அந்த அம்மா எழுதிக் கொடுத்ததுதான்.”

சீனியம்மாள் தன் பையைத் திறந்தாள். வலி மாத்திரை அட்டைகளை எடுத்துப் போர்வை மேல் வைத்தாள். எல்லாம் காலி. என் சட்டையைத் துவைக்கும்போதெல்லாம் எடுத்து வைத்திருக்கிறாள்.

“தெரிஞ்சுதான் இருந்தியா?” என்றேன்.

“தெரிஞ்சு என்ன பண்ண? கேட்டா டப்பாவைக் காட்டுவீங்க. நானும் இதைக் காட்டலாம்னு வச்சிருந்தேன். அதுக்குள்ள நீங்க விழுந்துட்டீங்க.”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் ஏதாவது பேசிச் சமாளித்திருப்பேன்.

டாக்டர் அட்டைகளைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

“ஐயா, கிட்னிக்குள்ள சின்னச் சின்னதா வடிகட்டிகள் இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் ரத்தம் உள்ள வர ஒரு வாசல், வெளிய போக ஒரு வாசல். இந்த வலி மாத்திரை உள் வாசலைச் சுருக்குது. நீங்க சாப்பிடுற பிரஷர் மாத்திரை வெளி வாசலைத் தளர்த்துது. சாதாரண நாள்ல அது கிட்னிக்கு நல்லதுதான். தண்ணி மாத்திரை உடம்புல இருக்கிற தண்ணியைக் குறைக்குது. அதுக்கு மேல வெயிலு, தண்ணி குடிக்காம இருந்தது, வாந்தி, பேதி. வரத்தே கம்மி, வந்ததும் உள்ள நிக்கல. வடிகட்ட அழுத்தம் வேணும்ல? அது இல்லாம அப்படியே நின்னுபோச்சு.”

“அப்ப தண்ணி மாத்திரைதான் கெட்டது.”

“இல்ல. ஒவ்வொண்ணும் அதது எடத்துல நல்ல மாத்திரைதான். தண்ணி மாத்திரை இல்லேன்னா உங்க நுரையீரல்ல தண்ணி கோத்திருக்கும். மூணும் ஒண்ணாச் சேர்ந்து, உடம்பு காஞ்சு கிடக்கிற நேரத்துல போச்சு பாருங்க, அதுதான் வினை. வாந்தி பேதின்னா உடனே போன் பண்ணிக் கேக்கணும். அந்த ரெண்டு நாள் பிரஷர் மாத்திரையையும் தண்ணி மாத்திரையையும் நிறுத்தச் சொல்லியிருப்போம்.”

ஆக, நான் ஒழுங்காக மாத்திரை போட்ட ஒரே நாள்தான் என்னைச் சாய்த்திருக்கிறது. இதைச் சொன்னதும் டாக்டர் சிரிக்கவில்லை.

“எதுக்காக ஐயா தண்ணி மாத்திரையை விட்டு விட்டுப் போட்டீங்க?”

பாட்டில் கவிழ்ந்த கதையைத் தொடங்கினேன். சீனியம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு அந்தக் கதையைச் சொல்ல முடியவில்லை.

“மேடையில அடக்க முடியல, டாக்டர்” என்றேன்.

“இதை எங்க யார்கிட்டயாவது கேட்டிருந்தா மாத்திரை நேரத்தை மாத்திக் கொடுத்திருப்போமே. அதோட வேகம் ஆறு மணி நேரந்தான்.”

ஆறு மணி நேரம். நாற்பது வருஷமாக ஊரை எல்லாம் ‘கேள், கேள்’ என்று கேள்வி கேட்கச் சொன்னவன், இந்த ஒரு கேள்வியைக் கேட்கவில்லை.

ஏப்ரல் 24, வியாழன்

குருவையா நாலு பேரோடு வந்தார். கையில் ஒரு குலை இளநீர். போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நர்ஸ் வந்து இளநீரைப் பறித்துக்கொண்டு போனார். அதில் பொட்டாசியம் நிறையவாம். நல்லது நினைத்து வருகிறவர்களிடம்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டியிருக்கிறது.

“அண்ணே, இனிமே நீங்க நிம்மதியா ஓய்வெடுங்க. உங்க கூட்டத்தையெல்லாம் யாழரசி பாத்துக்கிறா. பாராட்டு விழா ஒண்ணு வச்சிருவோம்.”

“யாருக்கு?”

“உங்களுக்குத்தாண்ணே. இத்தனை வருஷச் சேவைக்கு.”

“குருவையா, செத்தவனுக்கு இரங்கல் கூட்டம், சாகாதவனுக்குப் பாராட்டு விழா. ரெண்டுக்கும் மாலைதான் வித்தியாசம். எனக்கு எதுவும் வேண்டாம். நிறைவுப் பொதுக்கூட்டத்துல என் பேர் இருக்கணும்.”

“டாக்டர் விடுவாரா?”

“டாக்டர்கிட்ட நான் பேசிக்கிறேன். நீ மாவட்டத்துகிட்டப் பேசு.”

போன பிறகு உடம்பு வேர்த்தது. சீனியம்மாள் துடைத்துவிட்டாள். “போவீங்களா நிஜமா?” என்றாள். போவேன் என்றேன். “அப்ப மூத்திரம் வரட்டும் முதல்ல” என்றாள்.

ஏப்ரல் 26, சனி

வந்தது. காலையில் அளவுக் குவளையில் கொஞ்சம், மதியம் இன்னும் கொஞ்சம், சாயங்காலம் குவளை நிறைந்தது. நர்ஸ் கை தட்டினார். பக்கத்துப் படுக்கைக்காரரின் மனைவியும் தட்டினார். என் வாழ்க்கையில் வாங்கிய கைதட்டலில் இதற்குத்தான் நான் வாயையே திறக்கவில்லை.

இனி டயாலிசிஸ் தேவைப்படாது போலிருக்கிறது. தொடையிலிருந்த குழாயை எடுத்துவிட்டார்கள்.

ஏப்ரல் 29, செவ்வாய்

கிரியேட்டினின் மூன்றுக்குக் கீழே இறங்கிவிட்டது. டாக்டர் ஹபீப் உண்மையைச் சொன்னார்: பழையபடி முழுசாகத் திரும்பாது.

“மிச்சம் எவ்வளவு வேலை செய்யும்?”

“முப்பது சதவீதம் கிட்ட நிக்கும்னு நினைக்கிறேன்.”

“முப்பது சதவீதத்துல ஆட்சி நடத்துனவங்க இருக்காங்க, டாக்டர்.”

முதல் முறையாகச் சிரித்தார்.

மதியம் யாழரசி வந்தாள், தனியாக. போட்டோ எடுக்க ஆளில்லை. முகம் வாடியிருந்தது. பழம் எதுவும் வாங்கி வராமல், “என்ன சாப்பிடலாம்னு தெரியல அண்ணே, அதான் வெறுங்கையோட வந்தேன்” என்றாள். அந்தப் பதில் எனக்குப் பிடித்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

“என் கூட்டத்தையெல்லாம் நீதான் பேசுறியாமே.”

“நான் கேக்கல, குடுத்தாங்க. நீங்க நத்தகுளத்துல பேசுன மாதிரி எனக்கு வராது. அதுக்காகக் குடுத்ததை விடவும் மாட்டேன்.”

“விடாத.”

தனக்கு இந்த மாதத்தில் இரண்டாவது முறை நீர்க்கடுப்பு வந்து ஆண்டிபயாடிக் சாப்பிடுவதாகச் சொன்னாள். காலையில் வேன் ஏறினால் கூட்டம் முடிகிற வரை மகளிர் அணியில் ஒருத்தியும் தண்ணீர் குடிப்பதில்லையாம்.

“போறதுக்கு எடம் கிடையாதுண்ணே. நீங்கள்லாம் கருவேல மரத்துப் பக்கம் ஒதுங்குவீங்க. நாங்க எங்க போறது? மேடைக்குப் பின்னால ஒரு பாத்ரூம் ஏற்பாடு பண்ணுங்கன்னு கேட்டேன். சிரிச்சாங்க.”

“யாரு சிரிச்சது?”

“எல்லாரும்தான்.”

நான் சிரித்தேனா என்று யோசித்துப் பார்த்தேன். அன்று நான் அங்கே இல்லை. இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இங்கே எழுத விருப்பமில்லை.

மே 3, சனி. வீடு

வீட்டுக்கு வந்தாயிற்று. டாக்டர் மெர்லினிடம் போனோம். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டவில்லை. “எத்தனை மணிக்குக் கூட்டம்னு சொல்லுங்க” என்றார். பிரஷர் மாத்திரையை இப்போதைக்கு நிறுத்தியிருக்கிறார்கள். ரத்தப் பரிசோதனை பார்த்துத்தான் மறுபடி. தண்ணீர் மாத்திரை விடிந்ததும் ஒன்று, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் பாதி. தினமும் காலையில் எடை பார்க்க வேண்டும், ஏறினாலும் இறங்கினாலும் போன். வலி மாத்திரை ஆயுசுக்கும் கிடையாது. முழங்காலுக்கு ஒத்தடம், பயிற்சி.

“அப்படியும் நடுவுல வந்தா?” என்று கேட்டேன். கேட்கக் கற்றுக்கொண்டுவிட்டேன்.

“வந்தா போங்க” என்றார். “மனுஷன்னா போகத்தானே வேணும்?”

நிறைவுக் கூட்டத்தில் இருபது நிமிஷம், நாற்காலியில் உட்கார்ந்து என்று அனுமதி கொடுத்தார். உட்கார்ந்து பேசுவது பேச்சா? கொஞ்சம் வாதாடி, உயரமான ஸ்டூல் என்று முடிவானது.

மே 5, திங்கள்

குருவையாவுக்குப் போன் போட்டேன்.

“நான் வர்றேன். ஒரு நிபந்தனை. மேடைக்குப் பின்னால கழிப்பறை வேணும். நகராட்சியில நடமாடும் கழிப்பறை வண்டி இருக்கு, ரெண்டு கொண்டாந்து நிறுத்து. ஒண்ணு பொம்பளைங்களுக்கு.”

“அண்ணே, பந்தல், லைட்டு, சேருன்னு ஆயிரம் வேலை…”

“ஆளுயரக் கட்அவுட்டு எத்தனை வைக்கிறீங்க?”

“அது வந்து…”

“அதுல ஒண்ணு குறையட்டும். வண்டி நிக்கலேன்னா நான் மேடையில நிக்க மாட்டேன். அதுக்கான காரணத்தைக் கீழ நின்னு, மைக் இல்லாம, ஊருக்கே கேக்குற மாதிரி சொல்லுவேன். என் குரல் உனக்குத் தெரியும்ல?”

“தெரியும்ணே” என்றார் குருவையா.

மே 7, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வண்டி நின்றது, நீலப் பெயின்ட் அடித்து. ஒன்றுதான் கிடைத்ததாம். நடுவில் தடுப்பு வைத்து இரண்டு வாசல். போய்த் தாழ்ப்பாள் சரியாக இருக்கிறதா என்று நானே பார்த்தேன். சீனியம்மாள் முதல் முறையாக என் கூட்டத்துக்கு வந்தாள். முதல் வரிசையில், மடியில் என் தண்ணீர் பாட்டிலோடு. அளந்து ஊற்றியது.

யாழரசி முதலில் பேசினாள். நன்றாகப் பேசினாள். எழுதியாயிற்று, இனி அழிக்க முடியாது.

பிறகு என்னை அழைத்தார்கள். கைதட்டல் கொஞ்சம் பரிதாபமாக வந்தது, அது எனக்குப் பொறுக்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தேன். மைக்கைக் கிட்டே இழுத்தேன். “கோடையிடி செத்துப்போச்சுன்னு எவன்டா சொன்னது?” என்று ஆரம்பித்ததும் பரிதாபம் எல்லாம் பறந்துவிட்டது. விலைவாசி, ஏரி, கண்மாய், வேலையில்லாத பிள்ளைகள் என்று ஏறிக்கொண்டே போனேன். பாதி வழியில் அது வந்தது. வேட்பாளர் மேடையில். மாவட்டம் மேடையில். கைப்பேசிகள் எல்லாம் என்னைப் பார்த்துத் தூக்கியபடி.

கால்கள் தாமாகவே இறுகின. நாற்பது வருஷப் பழக்கம். இன்னும் பத்து நிமிஷம் இழுத்துவிடலாம் என்று தோன்றியது. குருவையா துண்டுச்சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். கீழே சீனியம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலையை ஆட்டவில்லை, கையைக் காட்டவில்லை. சும்மா பார்த்தாள்.

நான் பேச்சை நிறுத்தினேன்.

“அன்பான வாக்காளப் பெருமக்களே, எனக்கு மூத்திரம் வருது.”

ஜெனரேட்டர் மட்டும் ஓடியது.

“சிரிக்கிறவன் சிரிச்சுக்கோ. இதை அடக்கி அடக்கி, தண்ணி குடிக்காம, டாக்டர் குடுத்த மாத்திரையை ஒளிச்சு வச்சு, கடையில வலி மாத்திரை வாங்கித் தின்னு, என் சிறுநீரகத்துல முக்காவாசியை இந்த மேடைக்குக் குடுத்துட்டேன். மிச்சத்தைக் குடுக்க மாட்டேன். அதோ வண்டி நிக்குது. போயிட்டு வந்து மீதியைப் பேசுவேன். கேக்கிறவங்க உக்காந்திருங்க.”

படி இறங்கினேன். என் முழங்காலுக்கு வேகமாக நடக்க வராது. அத்தனை பேரும் பார்க்க, மெதுவாகத்தான் போனேன். யாரோ விசிலடித்தான். யாரோ “ஏய், சும்மா இருடா” என்று அதட்டினான். முதுகெல்லாம் கூசியது. திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, என் பாட்டுக்கு, அவசரமே இல்லாமல் நின்றேன்.

கதவைத் திறந்தால் வெளியே வரிசை நிற்கிறது.

ஏழெட்டுக் கிழவர்கள். கட்சித் துண்டு போட்டவர்கள், போடாதவர்கள். முதலில் நின்றவர் பல்லைக் காட்டிச் சிரித்தார். “நாங்களும் ரொம்ப நேரமா அடக்கிட்டுத்தான்ப்பா உக்காந்திருந்தோம்” என்றார். அந்தப் பக்க வாசலில் பெண்கள் வரிசை இதைவிட நீளம். யாழரசி அதில் மூன்றாவதாக நின்றிருந்தாள்.

மேடைக்குத் திரும்பி மைக்கைப் பிடித்தேன். “கூட்டத்துக்குப் பத்து நிமிஷம் இடைவேளை” என்றேன். வேட்பாளரும் எழுந்து போனார்.

மே 13, செவ்வாய்

வாக்கு எண்ணிக்கை முடிந்தது. தோற்றுவிட்டோம். போன முறையை விடக் கொஞ்சம் குறைந்த வித்தியாசத்தில். குருவையா அழுதார். நானும் வருத்தப்பட்டேன், பிறகு சாப்பிட்டேன். உப்புக் குறைவு.

என் பேச்சு எல்லாக் கைப்பேசியிலும் ஓடுகிறதாம். கேலி செய்து பாட்டெல்லாம் சேர்த்திருக்கிறார்கள். சீனியம்மாள் காட்டினாள். பெயரைச் சரியாகப் போட்டிருக்கிறார்களா என்று மட்டும் பார்த்தேன். சரியாகத்தான் போட்டிருந்தார்கள்.

காலையில் ரத்தப் பரிசோதனை. கிரியேட்டினின் இரண்டு சொச்சத்தில் நிற்கிறது. இனி இறங்காது, ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார் டாக்டர் மெர்லின். மாதா மாதம் வரச் சொன்னார்.

திரும்பி வரும்போது அதே மெடிக்கலில் நின்றேன். சீனியம்மாள் முகம் மாறியது. உள்ளே ஒரு பெரியவர் முழங்காலைத் தேய்த்தபடி, “ரெண்டு அட்டையாக் குடுப்பா” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

“பிரஷர் மாத்திரை சாப்பிடுறீங்களா?” என்றேன்.

“ஆமா. நீ யாரு?”

“தண்ணி மாத்திரையும் உண்டா?”

“அதுவும் உண்டு. உனக்கென்னய்யா அதைப் பத்தி?”

கடைக்காரர் என்னைப் பார்த்ததும் அட்டையை எடுத்த கையை அப்படியே நிறுத்தினார். கடையில் இன்னும் ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள். சீனியம்மாள் என் கையில் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிட்டு, வெளியே கிடந்த பெஞ்சில் போய்ச் சாவகாசமாக உட்கார்ந்தாள்.

நான் ஒரு மடக்குக் குடித்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டேன்.